முதல் கமெண்டில் லிங்க்

நேற்று நண்பர் ஒருவர் நிலாவைப் பற்றி அழகாக ஒரு பதிவு எழுதியிருந்தார். கடைசி வரியில் "லிங்க் முதல் கமெண்டில்" என்று போட்டிருந்தார். சரி என்று கமெண்டுக்குப் போனால் அருமை, சிறப்பு, கைகூப்பும் பொம்மை, நெருப்புப் பொம்மை, நடுவில் ஒருவர் வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்க வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த "முதல்" கமெண்ட் நழுவி நழுவிப் பதினேழாவது இடத்துக்குப் போயிருந்தது. தேடிப் பிடித்துத் தட்டினால் செயலிக்குள்ளேயே ஒரு குட்டி ஜன்னல் திறந்தது. அதை மூடினேன், டைம்லைன் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது, நண்பரின் பதிவே காணாமல் போய்விட்டது.

ஏன் லிங்கை இப்படி ஒளித்து வைக்கிறோம்? பதிவிலேயே போட்டால் ரீச் படுத்துவிடும் என்று எல்லோருக்கும் ஒரு பயம். யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டோம். எக்ஸ் தளத்தின் முதலாளி ஈலான் மஸ்க் மட்டும் 2024இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: விவரத்தைப் பதிவில் எழுதுங்கள், லிங்கைக் கீழே பதிலில் போடுங்கள் என்று. இன்ஸ்டாகிராமில் அந்த வம்பே கிடையாது. படத்துக்குக் கீழே நீங்கள் எழுதும் முகவரி அங்கே வெறும் எழுத்துதான், தட்டினால் ஒன்றும் நடக்காது, "பயோவில் பார்க்கவும்" என்று கெஞ்ச வேண்டும்.

இது சில்லறை விஷயம் மாதிரித் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை, ஏனென்றால் வலை என்பதே லிங்க்தான், வேறு ஒன்றுமில்லை. 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் எழுதிக்கொடுத்த யோசனையின் சாரமே, எங்கோ ஒரு கணினியில் இருக்கும் ஒரு ஆவணம் இன்னொரு கணினியில் இருக்கும் ஆவணத்தைக் கை நீட்டிக் காட்டலாம் என்பதுதான். காட்டுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காட்டப்படுகிறவரிடம்கூட. 1993 ஏப்ரல் 30ஆம் தேதி செர்ன் அதைப் பொதுச்சொத்தாக எழுதிக்கொடுத்தது, யார் வேண்டுமானாலும் காசு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று. அன்றைக்கு அவர்கள் கொஞ்சம் பேராசை காட்டியிருந்தால் இன்றைக்குக் கதையே வேறு.

அந்தக் காலத்தில் போன் லைன் வழியாக நம்மை இணையத்தோடு இணைத்த மோடம் போட்ட சத்தத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எல்லோரும் எழுதியாகிவிட்டது, உண்மையைச் சொன்னால் அது காதுக்கு இனிமையான சத்தமும் இல்லை. ஒரு பாட்டை இறக்க அரை மணி நேரம், பாதியில் யாராவது போனை எடுத்தால் எல்லாம் போச்சு. அதற்கெல்லாம் ஏங்குகிறவன் இல்லை நான்.

நான் ஏங்குவது வேறு ஒன்றுக்கு. 1999இல் வலையில் இலவசமாகக் கிடைத்த ஒரு இடத்தில் எனக்கு ஒரு பக்கம் இருந்தது. கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, ஓரத்தில் மினுக்கும் நட்சத்திரங்கள், தலைப்பில் மண்வெட்டியோடு ஒரு ஆள் தோண்டிக்கொண்டே இருப்பார், "வேலை நடக்கிறது" என்று. வேலை கடைசிவரை நடந்துகொண்டேதான் இருந்தது. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிடித்த பக்கத்துக்குப் போய் "வியூ சோர்ஸ்" அழுத்தினால் அதன் குடல் முழுக்கத் தெரியும், அப்படியே காப்பியடித்து நம் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை, எல்லோருமே அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். அடியில் ஒரு கவுண்டர் ஓடும். எத்தனை பேர் வந்தார்கள் என்று. பல மாதம் கழித்து அது 212 காட்டியது, அதில் பாதி நானே போய்ப் போய்ப் பார்த்தது.

வானத்தைப் பற்றிய பக்கம் அது. பூமி சூரியனுக்கு அருகில் வருவதால்தான் கோடை வருகிறது என்று அதில் தைரியமாக எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் கெஸ்ட்புக்கில், அதாவது பக்கத்துக்கு வருகிறவர்கள் குறிப்பு எழுதிவிட்டுப் போகும் இடத்தில், முன்பின் தெரியாத ஒருவர், எந்த நாடு என்றுகூடத் தெரியாது, நான்கு வரி எழுதியிருந்தார்: பக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், கோடைக்குக் காரணம் பூமியின் சாய்வு. கிண்டல் இல்லை, "இதுகூடத் தெரியாதா" இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அன்று இரவே திருத்தினேன். பிறகு அவர் பக்கத்துக்கு நான் ஒரு லிங்க் கொடுத்தேன், அவர் எனக்கு ஒன்று கொடுத்தார், அப்புறம் ஒரு வெப்ரிங்கில் சேர்த்துவிட்டார். வெப்ரிங் தெரியாதவர்களுக்கு: ஒரே ஆர்வம் உள்ளவர்களின் பக்கங்கள் வட்டமாகக் கைகோத்திருக்கும், "அடுத்தது" என்று அழுத்தினால் அடுத்தவர் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அழுத்திக்கொண்டே இருந்தால் சுற்றி வந்து உங்கள் வீட்டுக்கே வந்து நிற்பீர்கள். எது மேலே, எது கீழே என்று அதில் இல்லை. வரிசை போட யாரும் இல்லை.

இந்த "யாரும் இல்லை" என்பதைத்தான் நாம் "சென்சார் இல்லாத இணையம்" என்று நினைவில் வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். கட்டுப்படுத்த முயற்சி நடக்காமல் இல்லை. 1996 பிப்ரவரியிலேயே அமெரிக்கா இணையத்தில் ஆபாசமாகப் பேசினால் குற்றம் என்று சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்துப் பல தளங்கள் தங்கள் பக்கங்களைக் கறுப்பாக்கின. ஜான் பெர்ரி பார்லோ, மாடு மேய்க்கும் பண்ணை நடத்தியவர், ராக் குழுவுக்குப் பாட்டெழுதியவர், டாவோஸில் உட்கார்ந்துகொண்டு சைபர்வெளியின் சுதந்திரப் பிரகடனம் ஒன்றை எழுதிவிட்டார், அரசாங்கங்களே எங்களை விட்டுவிடுங்கள் என்று. (பணக்காரர்களும் அமைச்சர்களும் கூடுகிற டாவோஸிலிருந்து! அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம்.) அடுத்த வருடம் அந்தச் சட்டத்தின் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்தது. இணையம் தணிக்கையை ஒரு பழுது மாதிரி எடுத்துக்கொண்டு வேறு வழியாகச் சுற்றிப் போய்விடும் என்று இணைய உரிமைக்காகப் போராடிய ஜான் கில்மோர் 1993இல் சொன்னதை எல்லோரும் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்த காலம்.

அவர் சொன்னது அன்றைக்கு உண்மைதான். ஒரு இடத்தில் என்னைத் துரத்தினால் மறுநாள் இன்னொரு இடத்தில் அதே பக்கத்தை ஏற்றிவிடுவேன், எனக்கு லிங்க் கொடுத்த இருபது பேர் முகவரியை மாற்றிக்கொண்டால் போதும். என் வாசகர்கள் அந்த லிங்குகளில் இருந்தார்கள், இடம் கொடுத்தவர் கையில் இல்லை. இன்றைக்கு என் கணக்கை முடக்கினால் என் எழுத்து, படங்கள், பதினைந்து வருடத்துப் பழக்கங்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் போகும்.

சரி, எல்லாமே பொற்காலம் என்று கதை விடவும் மனசு வரவில்லை. ஒரு தோழியிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ எந்தப் பெயரில் சாட் ரூமுக்குப் போவாய்?" என்றார். என் பெயரில்தான் என்றேன். "நான் என் பெயரில் போனதே இல்லை" என்றார். பெண் பெயரோடு உள்ளே நுழைந்த பத்து வினாடிக்குள் ஏ.எஸ்.எல். (வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர்) கேட்டு எட்டுத் தனி ஜன்னல்கள் திறக்குமாம், அதில் பாதியில் வரும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அதனால் வருடக்கணக்கில் ஒரு ஆண் பெயரில் உலவியிருக்கிறார். யாரும் தட்டிக்கேட்காத இடத்தில் எனக்குக் கிடைத்தது சுதந்திரம், அவருக்குக் கிடைத்தது முகமூடி. பார்லோவின் பிரகடனத்தில் இவருக்கு ஒரு வரியும் இல்லை. ஆகவே குப்பையைக் கூட்ட ஆள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். குழந்தைகளை வதைக்கும் படங்களை எடுத்துப் போடுவதைச் சென்சார் என்று கத்துகிறவர்களோடு எனக்குப் பேச்சும் இல்லை.

என் வருத்தம் எடுத்துப் போடுவதில் இல்லை, வரிசை போடுவதில் இருக்கிறது. 2006 செப்டம்பரில் இந்த ஃபேஸ்புக் நியூஸ் ஃபீட் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது ஆட்கள் கொதித்துப் போனார்கள், லட்சக்கணக்கில் எதிர்ப்புக் குழு சேர்ந்தார்கள். பிறகு பழகிவிட்டது. அதுவரை நான் உங்கள் பக்கத்துக்கு நடந்து வருவேன், அதற்குப் பிறகு உங்களில் யார் என்னிடம் வர வேண்டும் என்பதை வேறு ஒருவர் முடிவு செய்தார். 2013 ஜூலையில் கூகுள் தன் ரீடரை மூடியது. பிடித்த தளங்களில் புதிதாக வருவதைத் தேதி வரிசைப்படி, ஒன்று விடாமல், நமக்கு எடுத்துவைக்கும் எளிய சாதனம். அதைப் பயன்படுத்தியவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசும்போது செத்துப்போன உறவினரைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவார்கள், நானும்தான். 2016இல் ட்விட்டரும் தேதி வரிசையைக் கைவிட்டு "உங்களுக்குப் பிடித்தது" என்று இறங்கியது.

இதற்குப் பிறகு ஒன்றை மறைக்க அழிக்க வேண்டிய தேவையே இல்லை. பேசாதே என்று யாரும் சொல்லவில்லை, மைக்கை மட்டும் அணைத்துவிட்டார்கள், நாம் அது தெரியாமல் மேடையில் பேசிக்கொண்டே இருக்கிறோம். தடை செய்த புத்தகத்தைத் தேடிப் படிக்க ஆள் இருக்கும். ஏழு பேருக்கு மட்டும் காட்டப்பட்ட பதிவைத் தேட யாருக்குத் தோன்றும்? அது இருந்ததே தெரியாதே.

அழிப்பதும் நடக்கத்தான் செய்கிறது, அது வேறு கூத்து. மார்பகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ள வீட்டில் எப்படித் தடவிப் பார்ப்பது என்று என் அக்கா ஒரு தளத்தில் எழுதினார். எந்தத் தளம் என்பது இங்கே முக்கியமில்லை. அவர் நர்ஸ், முப்பது வருட அனுபவம். கூடவே பென்சிலில் வரைந்த ஒரு படம். ஆறு நிமிடத்தில் பதிவு போய்விட்டது, "பாலியல் உள்ளடக்கம்" என்று. மேல்முறையீடு என்று ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினார், அதற்கு மூன்றே வினாடியில் பதில்: மறுபரிசீலனை செய்தோம், முடிவில் மாற்றமில்லை. மூன்று வினாடியில் எந்த மனிதர் அதைப் படித்திருப்பார்? அதே நேரம் அதே திரையில், மூன்று நாளில் சர்க்கரை நோயைக் குணமாக்கும் பொடிக்கு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

அக்கா மறுபடி எழுதினார். இந்த முறை "மா.ர்.ப.க.ம்" என்று நடுநடுவே புள்ளி வைத்து. பதிவு நின்றது. ஆனால் ஒரு வாரம் கழித்து எனக்கு வாட்ஸப்பில் ஏதோ மருந்து விவரம் அனுப்பியபோதும் அதே புள்ளிகள். எதற்கு என்று கேட்டேன். "பழகிடுச்சுடா" என்றார்.

இப்போது கவனித்துப் பாருங்கள், கொலை என்று எழுதமாட்டோம், கொ*லை என்று எழுதுவோம். ஆங்கிலத்தில் செத்தான் என்பதற்குப் பதிலாக "அன்அலைவ்" என்று ஒரு சொல்லையே உருவாக்கிவிட்டார்கள். இயந்திரத்தை ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நம் விரல்களுக்குத்தான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பதிவில் மேலே அக்காவின் அந்தச் சொல்லைப் புள்ளி இல்லாமல் எழுதும்போது எனக்குமே ஒரு கணம் கை நின்றது.

இதற்கிடையில் பழைய வலை சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறது. ஆட்களுக்கு இலவசமாகப் பக்கம் வைக்க இடம் கொடுத்த, 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸை யாஹூ 1999இல் கோடிகளைக் கொட்டி வாங்கியது, 2009 அக்டோபரில் விளக்கை அணைத்தது. ஃபேஸ்புக்குக்கு முன்பு கொடிகட்டிப் பறந்த சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் ஒரு சர்வர் மாற்றத்தில் பன்னிரண்டு வருடப் பாட்டுகளைத் தொலைத்துவிட்டு 2019இல் மன்னிப்புக் கேட்டது. 2013இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடம் கழித்துத் திறக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கெடுத்துச் சொன்னது. இருப்பவற்றுக்கும் இப்போது ஆள் போவது குறைகிறது, தேடினால் மேலேயே ஏஐ சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறது, எழுதியவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

என் பக்கமும் போய்விட்டது. இடம் கொடுத்தவர்கள் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார்கள், நான் எப்போதோ விட்டுவிட்ட முகவரிக்கு. போன மாதம் தூக்கம் வராத ஒரு இரவில் வேபேக் மெஷினில் போட்டுப் பார்த்தேன். 1996இலிருந்து வலையைப் படி எடுத்துவைக்கும் புண்ணியவான்கள் அவர்கள். 2001இல் எடுத்த ஒரு படி இருந்தது! நட்சத்திரங்கள் போய்விட்டன, தோண்டுகிற ஆளும் இல்லை, அவர் இருந்த இடத்தில் உடைந்த படத்தின் கட்டம் மட்டும். எழுத்து அப்படியே இருந்தது. அடியில் நான் கொடுத்திருந்த பதினோரு லிங்குகள்.

ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஒன்பது செத்துவிட்டன. எனக்கு ஜனவரி பற்றிச் சொல்லிக்கொடுத்தவருடையதும் அதில் ஒன்று. பத்தாவது ஒரு சூதாட்டத் தளமாக மாறியிருந்தது. பதினோராவது திறந்தது.

நிழல் கடிகாரங்களைப் பற்றிய பக்கம். அதே சாம்பல் பின்னணி, அதே நீல லிங்குகள், ஒரு விளம்பரம் இல்லை, குக்கீ அனுமதி கேட்டு எதுவும் குதிக்கவில்லை, கண் மூடித் திறப்பதற்குள் முழுதாக வந்து நின்றது. கடிகார நேரத்துக்கும் நிழல் காட்டும் நேரத்துக்கும் மாதாமாதம் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு அட்டவணை போட்டிருந்தார். படித்துக்கொண்டே போனபோது நவம்பரில் இடறியது. நவம்பர் தொடக்கத்தில் நிழல் கடிகாரம் சுமார் 16 நிமிடம் முந்தி ஓடும், அவர் கழித்தல் குறி போட்டிருந்தார். பக்கத்தின் அடியில் ஒரு வரி: தவறு இருந்தால் எழுதுங்கள். கீழே மெயில் முகவரி.

எழுதினேன். போகாது, திரும்பி வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது, இரண்டே வரி. நன்றி, எத்தனையோ வருடமாக அது அப்படியே இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தேன், நவம்பரில் கூட்டல் குறி இருந்தது, அடியில் "கடைசியாகத் திருத்தியது" என்ற இடத்தில் அன்றைய தேதி.