"வீட்ல இருக்கறதே போதும்"னு தயவுசெய்து சொல்லாதீங்க

வீட்ல இருக்கற சாமானை வெச்சே எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு செஞ்சுடலாம்னு வீடியோ போடறவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். நேத்து ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை ஆட்டிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். உள்ள வினிகர், உப்பு, மெடிக்கல்ல வாங்கின ஹைட்ரஜன் பெராக்சைடு, அதுக்குள்ள உள்ளங்கை அளவு காப்பர் போர்டு, அதாவது மேல செம்புத் தகடு ஒட்டின அட்டை. வேணுங்கற கோடுகளை மட்டும் டோனரால (லேசர் பிரிண்டர் மைப்பொடி) மூடிட்டா, மிச்ச செம்பை இந்தக் கரைசல் அரிச்செடுக்கணும். வீடியோவுல ஒருத்தர் 20 நிமிஷம்னாரு. எனக்கு 4 மணி நேரம். தண்ணி நீலமாச்சு, ஓரம் கரைஞ்சுது, நடுவுல செம்பு பளபளன்னு அப்படியே கிடக்கு. நடுப்பகுதி கரையட்டும்னு விட்டேன். அதுக்குள்ள ஓரத்துக் கோடெல்லாம் டோனருக்கு அடியிலேயே அரிச்சு அறுந்துபோச்சு. எல்எம்317ங்கற, வோல்டேஜை சீரா வெச்சுக்கற சிப்பை வெச்ச சின்ன பவர் சப்ளைங்க. மொத்தமே பத்துப் பன்னெண்டு கோடு.

முடியாத வேலைன்னு நான் சொல்லலை. முடியும். ஆனா எத்தனை சதவீதம்னு ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்லை! மளிகைக் கடை வினிகர்ல அசிட்டிக் அமிலம் 4% சுமாருக்குத்தான் இருக்கும். பெராக்சைடு 3% பாட்டிலும் உண்டு, 6% பாட்டிலும் உண்டு. பாட்டில் பழசுன்னா அதுவும் வீரியம் போயிருக்கும். இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

அடுத்த ஆள் டாய்லெட் கிளீனரை ஊத்தச் சொல்றாரு. அதுல ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10% பக்கம் இருக்கும். கூடவே கெட்டியாக்கற சரக்கு, நுரை, வாசனை எல்லாம் இருக்கே. பெராக்சைடு பட்டதும் பொங்குது, மூக்கு எரியுது. இதுக்கும் மேல, வேகமா அரிக்க ஒரு ஸ்பூன் பிளீச்சிங் பவுடர் போடுங்கன்னு யோசனை வேற. ஐயா, ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தா குளோரின் வாயு. ஆளையே கொல்லும். பத்தாவது படிக்கற பையன் கதவைச் சாத்திக்கிட்டு பாத்ரூமுக்குள்ள இதைச் செஞ்சு பார்த்தா யாரு பொறுப்பு?

போன மாசம், இதே மாதிரி செம்பை அரிக்கற பெர்ரிக் குளோரைடு பொடி வாங்கினேன். நிதானமா தண்ணியிலதான் பொடியைப் போடணும், சூடாகும், அது தெரியும். எதால கிளறணும்னு யாரும் சொல்லலை. அம்மாவோட எவர்சில்வர் கரண்டியை எடுத்துட்டேன். கழுவிப் பார்த்தா முனை கறுத்து, குண்டூசியால குத்தின மாதிரி குழி குழியா இருக்கு. செம்பை அரிக்கறது இரும்பை விடுமா? எவர்சில்வர்லயும் இரும்புதானே அதிகம். அலுமினியச் சட்டின்னா இன்னும் மோசம். அம்மா ஒண்ணும் சொல்லலை, கரண்டியைத் தனியா எடுத்து வெச்சாங்க. அதுதான் மனசு கேக்கலை.

வீட்டுச் சாமான்ல உருப்படியா உதவுறதும் இருக்கு. டோனரை ஒட்டவைக்க அயர்ன் பாக்ஸ், கடைசியில துடைச்செடுக்க அசிட்டோன் இருக்கற நெயில் பாலிஷ் ரிமூவர், கரைசல் டப்பாவைச் சூடா வெச்சுக்க சுடுதண்ணி பேசின். அருமையா வேலை செய்யும்.

ஆனா வீடியோ முடிவுல சிரிச்சுக்கிட்டே சிங்க்ல ஊத்தறாங்க பாருங்க, அங்கதான் ரத்தம் கொதிக்குது. அது செம்பு கரைஞ்ச தண்ணி. சாக்கடையில போயி குளத்துல சேரும். கொஞ்சூண்டு செம்பு போதும், மீன் செத்து மிதக்கும். சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டு, நுரை அடங்கினதும் செம்பைக் கசடா இறக்கலாம். அந்தக் கசடையும் மண்ணுல கொட்டக் கூடாது.

மொட்டை மாடியில இப்போ ரெண்டு பாட்டில் நீலத் தண்ணி நிக்குது. வாயு சேர்ந்து வெடிக்கக் கூடாதுன்னு மூடியைத் தளர்த்தி வெச்சிருக்கேன். அதை எங்க கொண்டுபோய்க் கொடுக்கறதுன்னு எந்த வீடியோவுலயும் இல்லை.