உறைமேல் முகவரி

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஒருவர் என் பதிவுக்குக் கீழே வந்து, "படிக்கிற வயசுல மனு என்ன வேண்டிக்கிடக்கு" என்று எழுதினார். அதற்கு நாற்பது லைக் வேறு. இனிப் பொறுப்பதற்கில்லை.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விவகாரம்தான். உங்களுக்கெல்லாம் தெரியும். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று ஐந்து பெண்கள் ஒரு தாளில் எழுதி, ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலையில், "பெற்றோரைக் கூட்டிட்டு வா." அந்த ஐவரில் ஒருத்தி என் அக்கா மகள். நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் துப்பறிந்த மாதிரி வந்து எழுத வேண்டாம்.

மனு எழுதக் கற்றுக்கொடுத்தது யார்? பள்ளிக்கூடம்தானே! தமிழ்ப் பரீட்சையில், "உங்கள் தெருவில் பழுதடைந்த மின்விளக்கைச் சரிசெய்ய வேண்டி மின்வாரிய அலுவலருக்குக் கடிதம் எழுதுக" என்று வரும். அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள். கடைசியில் கட்டம் போட்டு உறைமேல் முகவரி. சொந்தப் பெயரை எழுதக் கூடாது, அ.அ.அ.தான். நீங்களும் எழுதியிருப்பீர்கள், நானும் எழுதியிருக்கிறேன். அத்தனை மின்விளக்குக் கடிதங்களில் ஒன்றாவது தபால்பெட்டிக்குள் விழுந்திருக்குமா? இந்த ஐந்து பேரும் அ.அ.அ.வை எடுத்துவிட்டுச் சொந்தப் பெயரைப் போட்டார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்.

அதே ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் மனித உரிமைகள் ஒரு பாடம், உள்ளாட்சி அமைப்புகள் இன்னொரு பாடம். ஊராட்சிகளுக்கான 73-ஆவது சட்டத்திருத்தம் எந்த ஆண்டு? 1992. ஒரு மார்க். உன் ஊர் சமுதாயக் கூடத்தில் கிராம சபை நடக்கிறதே, போய்ப் பார்த்தாயா? அதற்கு மார்க் கிடையாது. போனால் பெற்றோரைக் கூட்டிவர வேண்டும்.

"18 வயசே ஆகலையே, கிராம சபையில அவங்களுக்கு என்ன உரிமை?" சரி, வாக்காளர் பட்டியலில் இருப்பவர்தான் உறுப்பினர், ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் தீர்மானத்துக்குக் கை தூக்கவில்லை ஐயா, ஒரு தாளைக் கொடுத்தார்கள். தாள் கொடுக்கவுமா வயது பார்க்கணும்? "முதல்ல ஹெச்எம்கிட்ட சொல்லியிருக்கலாமே." சொன்னார்கள், இரண்டு தடவை. "யாரோ தூண்டிவிட்டிருக்காங்க." ஆமாம், மூத்திரம்தான் தூண்டிவிட்டது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டே இருந்து, நாலேகாலுக்கு வீட்டுக்கு ஓடிவரும் பெண்ணுக்கு வேறு தூண்டுதல் எதற்கு?

பள்ளி மேலாண்மைக் குழுவிடம் போயிருக்கலாம் என்று ஒரு நண்பர் நாகரிகமாகச் சொன்னார். நியாயம்தான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர். அக்காவுக்கு அப்படி ஒரு குழு இருப்பதே இந்தத் திங்கட்கிழமைதான் தெரியும்.

ஆசிரியர்களைத் திட்டவில்லை, அதற்குள் கிளம்பி வராதீர்கள். என் நெருங்கிய நண்பனே வாத்தியார். எமிஸ் என்ற இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவதற்கே அவனுக்குப் பாதி நாள் போய்விடுகிறது. நீதிபோதனை பீரியட் அட்டவணையில் மட்டும்தான், சிலபஸ் முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார் என்று அவனே சிரிப்பான். வருஷத்துக்கு ஒரு நாள் "வாழ்க்கைத் திறன் பயிற்சி" என்று பேனர் கட்டி, வெளியாளைக் கூட்டிவந்து, நேர மேலாண்மை பற்றிப் பேசவைத்து, பிள்ளைகளைக் கைதட்டச் சொல்வார்கள். போட்டோ வந்துவிடும்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் நான் 94. அடிப்படை உரிமைகள் ஆறையும் வரிசையாகச் சொல்வேன். 2009-இல் அப்பா இறந்தார். அவர் கணக்கில் இருந்த கொஞ்சப் பணத்தை எடுக்க வங்கியில் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். முதலில் விஏஓவைப் பார்க்கணுமா, தாலுகா ஆபீசுக்குப் போகணுமா என்றுகூடத் தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு போய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நானே விண்ணப்பம் எழுதினேன். பழக்கதோஷம், கடைசியில் கட்டம் போட்டு உறைமேல் முகவரியும் எழுதிவிட்டேன். அங்கிருந்த எழுத்தர் அதைப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டிச் சிரித்தார். "காலேஜ் படிக்கிறியா தம்பி?" என்று கேட்டார். பிறகு ஏழு தடவை அலைந்தேன், புரோக்கருக்கு மூவாயிரம். அம்மா தோட்டை அடகு வைத்தாள். அது திரும்பி வரவேயில்லை.

"படிக்கிற வயசுல மனு எதுக்கு" என்று கேட்பவரே, அன்றைக்கு அந்த மேசைக்கு முன்னால் எனக்கு வயது 19. அப்போதும் படிக்கிற வயதுதான்.

திங்கட்கிழமை அக்கா அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஹெச்எம் அறை வாசலில் ஒரு மணி நேரம் நின்றாள். ஐந்து பெண்களிடமும் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். "அதுலயும் பொருள்னு போட்டு எழுதணும்னாங்க மாமா" என்கிறாள் அக்கா மகள்.

இன்று சாயங்காலமும் கேட்டேன். குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை.