தொட்டுப் பார்க்க முடியாத குட்டிக்குப் பணம் கட்டலாமா?

மகளின் பிறந்தநாளுக்கு அவள் பெயரில் ஓர் ஒராங்குட்டான் (மரத்திலேயே வாழும் பெரிய வாலில்லாக் குரங்கு) குட்டியைத் தத்தெடுத்தோம். குட்டி சேலத்துக்கு வராது. தென்கிழக்கு ஆசியாவில் இருக்கும் போர்னியோ தீவில் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருக்கிறது. பணம் கட்டினால் ஒரு சான்றிதழ், குட்டியின் படம், அவ்வப்போது அது எப்படி இருக்கிறது என்று ஒரு மின்னஞ்சல். அதே குட்டியை இன்னும் எத்தனையோ பேர் தத்தெடுத்திருப்பார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டதும் பெரியப்பா கேட்டார்: "ஏம்மா, நம்மூர்ல அநாதைப் பிள்ளைங்களே இல்லையா? கடல் தாண்டிப் போய் குரங்குக்குக் கொட்டணுமா?"

நியாயமான கேள்விதான். அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

நம்மூர்ப் பிள்ளைகளுக்குச் செய்வதை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குட்டி ஏன் அநாதையானது என்று பாருங்கள். தாய் ஒராங்குட்டான் உயிரோடு இருக்கும்வரை குட்டியை விடாது. குட்டி ஒரு மனிதன் கைக்கு வந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் தாயைக் கொன்றுவிட்டார்கள் என்று அர்த்தம். குட்டியை விற்பதற்காகக் கொல்கிறார்கள். காட்டை அழித்துச் செம்பனை நட்ட இடத்தில் பசியோடு இறங்கினால், பயிரை நாசம் பண்ணுகிறது என்று கொல்கிறார்கள். 1999-க்கும் 2015-க்கும் இடையில் போர்னியோவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் அழிந்துபோயின என்று 2018-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஏழெட்டு வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி போடும் இனம் இந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்?

அந்தச் செம்பனையின் எண்ணெய்தான் நம் பாமாயில். உலகத்திலேயே அதை அதிகம் இறக்குமதி செய்வது இந்தியா. பெரும்பங்கு இந்தோனேசியா, மலேசியாவிலிருந்துதான் வருகிறது. ரேஷனில் 25 ரூபாய்க்கு வாங்கும் பாக்கெட், பிஸ்கட், சோப்பு, தட்டுவடை பொரியும் எத்தனையோ வாணலி என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அந்த 25 ரூபாய் எண்ணெயை நம்பி அடுப்பு எரியும் வீடுகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பாமாயிலையே ஒழி என்றும் சொல்ல மாட்டேன். அதே அளவு எண்ணெயை வேறு வித்துகளில் எடுக்க இன்னும் பல மடங்கு நிலம் வேண்டும். ஆனால் "எங்கேயோ இருக்கிற குரங்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள் பெரியப்பா. நம் அடுப்படிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

இன்னொரு கேள்வி தோழி கேட்டது: "பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது, அப்புறம் என்ன தத்து?"

ஏற்காடு மலைப்பாதையில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் கார் நிற்கும், கண்ணாடி பாதி இறங்கும், பிஸ்கட் பறக்கும். போன முறை தடுப்புச் சுவரில் ஒரு தாய்க்குரங்கு சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து, உள்பக்கத்து வெள்ளித்தாளில் ஒட்டியிருந்த உப்பை நக்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் தொங்கிய குட்டியும் கையை உள்ளே விட்டு, எடுத்து நக்கியது. காட்டில் எந்தக் காய் எப்போது பழுக்கும் என்று தாயிடம் கற்க வேண்டிய வயசில், எந்தச் சத்தம் கேட்டால் சாலையில் இறங்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிறது. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, பாசத்தில்தான் கொடுக்கிறார்கள். அந்தப் பாசம்தான் அதை வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுகிறது.

மறுவாழ்வு மையத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான மத்தியக் காலிமந்தானில் 1999-ல் தொடங்கிய நியாரு மென்டெங் மையத்தில் உள்ளூர்ப் பெண்கள்தான் குட்டிகளுக்குத் தாய் ஸ்தானத்தில் இருக்கிறார்கள். பால் புகட்டி, தூக்கிச் சுமந்து, தினமும் "காட்டுப் பள்ளி"க்குக் கூட்டிப் போகிறார்கள். மரம் ஏறுவது, எதைத் தின்னலாம் என்பது, கிளைகளை மடக்கி ராத்தூக்கத்துக்குக் கூடு கட்டுவது எல்லாம் அங்கே பாடம். தாய் ஏழெட்டு வருஷம் கூடவே வைத்துச் சொல்லித் தருவதை மனுஷர்கள் சொல்லித் தர வேண்டியிருப்பதால், இங்கேயும் வருஷக்கணக்கில் ஆகிறது. வளர்ந்த பிறகு ஆற்றுத் தீவுகளில் தனியாக விட்டுப் பார்த்து, அப்புறம்தான் காட்டுக்குள் விடுகிறார்கள். 2012-லிருந்து அந்த மையம் இப்படி விட்டுவருகிறது. நோயாலோ ஊனத்தாலோ காட்டுக்குப் போக முடியாதவை அங்கேயே ஆயுசு முழுக்க இருக்கும். அவற்றுக்கும் சோறு போட வேண்டும்.

நம்மிடமிருந்து ஒராங்குட்டானுக்குச் சளி, காசநோய் எல்லாம் தொற்றும். ஆகவே, தொடாமல் இருப்பதும் நாம் அதற்குச் செய்கிற உதவிதான். என் மகள் "நாம போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டபோது, "வேண்டாம்டா, அது நம்மளைப் பழகக் கூடாது" என்றேன். முகம் வாடியது. ஆனாலும் படத்தை அலமாரியில் ஒட்டிவைத்திருக்கிறாள்.

பணம் கட்ட நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள். பார்வையாளர்கள் குட்டியைத் தூக்கிவைத்துப் படம் எடுக்க அனுமதிக்கிற இடம் என்றால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். எத்தனை குட்டிகளைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள், அந்தக் காட்டைக் காக்க என்ன செய்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறவர்களுக்குக் கொடுங்கள். எப்படிக் கட்டுவது என்று தெரியாதவர்கள் உள்பெட்டிக்கு வாங்க, சொல்கிறேன். பெரியப்பா, உங்களுக்கு நேரிலேயே வந்து காட்டுகிறேன்.