கிம் சோ-ஹ்யோனை விட்டுவிடுங்கள்

கொரிய பேஸ்பால் அணியான ஹன்வா ஈகிள்ஸின் 2025 சீசனைப் பற்றிப் பேச்செடுத்தாலே, கோப்பை கைநழுவிய பழி முழுவதையும் பிட்சர் (பந்து வீசுபவர்) கிம் சோ-ஹ்யோன் தலையில்தான் கட்டுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. 21 வயதுப் பையன். சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே க்ளோசர் பொறுப்பு, அதாவது முன்னிலையில் இருக்கிற ஆட்டத்தைக் கடைசியில் வந்து பந்துவீசி முடித்துவைக்கிற வேலை, வந்து சேர்ந்தது. 33 சேவ் எடுத்தார், அதாவது அத்தனை ஆட்டங்களில் முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுத்தார். கொரிய லீக்கிலேயே இரண்டாவது இடம். அவர் இல்லாமல் ஹன்வா அக்டோபரில் நடக்கிற கோப்பைக்கான ஆட்டங்களைப் பார்த்திருக்குமா என்பதே சந்தேகம்.

இது எப்பேர்ப்பட்ட அணி என்பதை மறந்துவிடக் கூடாது. 1999இல் வென்றதுதான் ஒரே கோப்பை. 2020, 2021, 2022 என்று வரிசையாகக் கடைசி இடம். 2020இல் தொடர்ந்து 18 தோல்விகள். அணி அடிவாங்கிக்கொண்டிருக்கும்போதே 'நான் சந்தோஷமாக இருக்கிறேன்' என்று பாடுகிற ரசிகர்கள். அவர்களுடைய பொறுமையைப் பார்த்து போதிசத்துவர்கள் என்றே பட்டம் கொடுத்திருக்கிறார்கள்!

அப்படிப்பட்ட அணி டேஜானில் புது மைதானம் திறந்த வருடத்திலேயே 12 ஆட்டங்களை வரிசையாக வென்றது. 1992க்குப் பிறகு முதல்முறை. பிட்சர் கோடி பான்ஸ் 17 வெற்றிகளைச் சேர்க்கும்வரை ஒரு தோல்வியும் பார்க்கவில்லை. 252 ஸ்ட்ரைக் அவுட் (அடிக்கிறவரைப் பந்தை அடிக்கவிடாமலே அவுட் ஆக்குவது), லீக் சாதனை. இன்னொரு பிட்சர் ரயன் வைஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். 2024இல் காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக ஆறு வாரத்துக்கு மட்டும் கூப்பிட்டு வந்தவர், 2025இல் 16 ஆட்டங்களை வென்று கொடுத்தார். மொத்த வெற்றி 83. அதில் 33 இந்த இருவர் கணக்கில். இவர்கள் நெடுநேரம் நின்று வீசியதால், பின்னால் வருகிற பிட்சர்களின் பலவீனம் வெளியே தெரியவில்லை.

தெரிந்தது அக்டோபரில்தான். 1ஆம் தேதி இன்சான் நகரில் எஸ்எஸ்ஜி அணிக்கு எதிராக 5-2 முன்னிலை, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், இன்னும் ஒன்று எடுத்தால் வெற்றி. அங்கிருந்து கிம் இரண்டு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) கொடுத்து 6-5 என்று ஆட்டம் போனது. அன்று தன் ஆட்டத்தில் தோற்றிருந்த எல்ஜி ட்வின்ஸ் அணிக்கு லீக்கில் முதலிடம் உறுதியானது. அப்புறம் இறுதித் தொடருக்கு முந்தைய சுற்றான ப்ளேஆஃபில் சாம்சங் அணியுடன் நான்காவது ஆட்டம். மூன்று ரன் ஹோம் ரன் கொடுத்து முன்னிலையை இழந்தார்.

பயிற்சியாளர் கிம் க்யோங்-மூன் அவரைக் கைவிடவில்லை. வீரர்களை நம்புவதுதான் அவருடைய பாணி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கொரிய அணியில் அடிக்கவே முடியாமல் தடுமாறிய லீ சுங்-யோப்பை பேட்டிங் வரிசையிலேயே வைத்திருந்தார். அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் லீ ஹோம் ரன் அடித்தார். கொரியா தங்கம் வாங்கியது. அதே நம்பிக்கையில்தான் 2025இலும் முடிவெடுத்தார் என்று நினைக்கிறேன்.

ஆனால் அடிக்கிறவர் மேல் வைக்கிற நம்பிக்கை வேறு, க்ளோசர் மேல் வைக்கிற நம்பிக்கை வேறு. லீ மூன்று முறை அவுட் ஆனாலும் கூட இன்னும் எட்டுப் பேர் அடிக்க இருந்தார்கள், அவருக்கும் நான்காவது வாய்ப்பு வந்தது. க்ளோசருக்கு அது கிடையாது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளருக்கு அடி விழுந்தாலும் ஆறு பந்தில் ஓவர் முடிந்துவிடும். இங்கே மூன்று பேரை அவுட் ஆக்கும்வரை முடியாது. பயிற்சியாளர் வந்து பந்தை வாங்கிக்கொண்டால்தான் விடுதலை.

ஹன்வாவுக்கு 19 வருடம் கழித்து வந்த கொரியன் சீரிஸில், அதாவது எல்ஜியுடனான இறுதித் தொடரில், நடந்ததும் அதுதான். மூன்றாவது ஆட்டத்தில் கிம் சோ-ஹ்யோன் தாக்குப்பிடித்தார், அணி 7-3 என்று வென்றது, அவர் கண்ணீர் விட்டார். மறுநாளே திரும்பவும் அவர். வைஸ் ஏழு இன்னிங்ஸுக்கு மேல் வீசி வைத்த 4-1 முன்னிலை. ஒன்பதாவதில் எல்ஜியின் பார்க் டோங்-வொன் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தார். அதன் பிறகும் கொஞ்ச நேரம் கிம்தான் வீசினார். கடைசியில் 7-4 தோல்வி. அக்டோபர் 31இல் எல்ஜி கோப்பையைத் தூக்கியது.

இன்சானில் நடந்ததைப் பார்த்த பிறகும் மாற்று ஏற்பாடு இல்லாமல் ஒரே ஆளை அனுப்பியது பயிற்சியாளர் முடிவு. அந்தப் பையனா போய்க் கேட்டான்?

சரி, பாடம் கற்றார்களா? சீசன் முடிந்ததும் காங் பேக்-ஹோவை நான்கு வருடத்துக்கு 1000 கோடி வோன் வரை பேசி எடுத்தார்கள். நல்ல பேட்டர், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இழப்பீடாக அவருடைய பழைய அணியான கேடி விஸ் கேட்டு வாங்கிக்கொண்டது பிட்சர் ஹான் சுங்-ஹ்யோக்கை. கிம்முக்கு முன்னால் வந்து நெருக்கடியான இன்னிங்ஸ்களை வீசிக்கொண்டிருந்தவர். பான்ஸும் வைஸும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். 2026இல் கடைசி இன்னிங்ஸ்களின் சுமை முன்பைவிட அதிகமாக அதே பையன் மேல்தான் விழப்போகிறது. அப்போதும் முதல் ஹோம் ரன் விழுந்தவுடன் அவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள், பாருங்கள்.