பிள்ளைக்கு நன்றாக வருவதைப் பரிசாக வைக்காதீர்கள்

"வாசிச்சு முடி, அப்புறம் ஸ்குரூடிரைவரை எடுக்கலாம்."

ஏறக்குறைய ஒரு வருடம் என் மகனிடம் தினமும் இதைத்தான் சொன்னேன். டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுகிற நிலை, இருக்கிற பிள்ளை, பள்ளியில் நொந்துபோகிறான், வீட்டிலேயே சொல்லிக்கொடுப்போம் என்று அழைத்து வந்தேன். வந்தபிறகு அதே பள்ளியைத்தான் வீட்டுக்குள் நடத்தினேன். தலை தெளிவாக இருக்கிற காலை முழுவதும் அவனுக்கு வராத வாசிப்புக்கு. அவனுக்கு நன்றாக வருகிற, சாமான்களைப் பிரித்துப் பார்க்கிற வேலை, சோர்ந்துபோன மாலையில் நேரம் மிஞ்சினால் மட்டும். வாசிப்பு சரியாக வராத நாளில் அதுவும் கிடையாது. 9 வயதுப் பையன். தான் கெட்டிக்காரன் என்று அவனுக்கே தெரிகிற ஒரே வேலையை நான் தண்டனையாகப் பறித்துக்கொண்டிருந்தேன்.

1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். டிஸ்லெக்சியா பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று அது. அந்தப் பையன் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான், ஒரு முறைக்கு மேல் சுட்டிக்காட்டும்வரை தப்பு என்று அவனுக்குத் தெரியவும் இல்லை. ஆனால் 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னபோது வேகமாகச் சரியான விடை சொன்னான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

அந்த வரியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவனுக்காக எல்லாவற்றையும் வாய்மொழியாக நடத்துவது எந்த ஆசிரியருக்கும் கஷ்டம். வீட்டில் அந்தக் கஷ்டம் எனக்கு இல்லையே! நான் ஏன் அதைச் செய்யவில்லை?

அடுத்த வாரமே வரிசையை மாற்றினேன். காலையில் முதலில் அவன் மேஜை. பழைய டேபிள் ஃபேன் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தான். அது ஏன் மெதுவாகச் சுற்றுகிறது என்று எனக்கு விளக்கச் சொன்னேன். அவன் சொன்னதை, ஒரு வார்த்தைகூட மாற்றாமல், அப்படியே எழுதி வைத்தேன். அன்றைய வாசிப்புப் பாடம் அதுதான். "கண்டென்சர்", "வைண்டிங்" என்றெல்லாம் திக்கித் திக்கி வாசித்தான். ஆனால் வாசிக்க உட்கார மாட்டேன் என்று அன்று அழவில்லை. அறிவியலை நான் படித்துச் சொல்வேன், அவன் கேட்டு விளக்குவான். கணக்குக்கு வாயால் விடை சொல்வான். ஒலிநூல் கேட்பதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கண் வேகமாக வாசிக்கப் பழகும்வரை அறிவு பட்டினி கிடக்க வேண்டுமா?

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "டிஸ்லெக்சியா ஒரு வரம், ஆர்வத்தை மட்டும் வளர்த்துவிடு, வாசிப்பு தானாக வரும்" என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். தானாக வராது. அவன் சொன்னதை எழுதிக் கொடுத்தால் பாதியை ஞாபகத்திலிருந்துதான் சொல்கிறான், அது முழு வாசிப்பு ஆகாது. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் கண்ணில் இல்லை, ஒலியைப் பிரித்து எழுத்தோடு சேர்ப்பதில் இருக்கிறது. தமிழிலேயே பாருங்கள். 'கெ' என்பதில் எ ஒலி பின்னால் வருகிறது, கொம்போ முன்னால் நிற்கிறது. 'கொ' என்றால் ஓர் ஒலிக்கான குறி இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கிறது. நமக்கு இது உறைப்பதே இல்லை. அவனுக்கு ஒவ்வொன்றும் ஒரு முட்டுச்சந்து. ஆகவே தினமும் 20 நிமிடம் ஒலியும் எழுத்தும் மட்டும், ஒழுங்காக, படிப்படியாக. சொல்லிக்கொண்டே எழுதுவது, விரலால் தடவிப் பார்ப்பது, மறுநாள் அதையே திரும்பச் செய்வது. இதில் சலுகை கிடையாது. ஆனால் இது முடிந்தால்தான் மேஜை என்ற நிபந்தனையும் கிடையாது.

அந்த 20 நிமிடத்தை இப்போது நான் எடுப்பதில்லை. ஒருநாள் இரவு படுக்கும்போது, "அம்மா, இப்ப நீ அம்மாவா டீச்சரா?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. நாள் முழுக்கத் தவறு திருத்துகிற முகத்தையே அவன் தூங்கும்போதும் பார்க்கிறான். இந்தப் பயிற்சியை மட்டும் ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியரிடம் ஒப்படைத்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கல்வி என்றால் எல்லாவற்றையும் ஒரே ஆள் சுமக்க வேண்டும் என்று யார் சொன்னது?

எல்லாக் குடும்பத்துக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். பள்ளியில் புரிந்துகொள்ளும் ஓர் ஆசிரியர் கிடைத்தால் அங்கேயே இருக்கட்டும். அங்கும் இதே வேண்டுகோள்தான்: படம் வரைகிற பிள்ளையின் வண்ணப்பெட்டியை, பாடுகிற பிள்ளையின் பாட்டு நேரத்தை, எழுத்துப் பிழைக்காகப் பிடுங்காதீர்கள்.

போன வாரம் திருகாணி, ஒயர் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகப் பிரித்து, தானே பெயர் எழுதி ஒட்டினான். கண்டென்சர் பெட்டியில் கொம்பை 'ட'வுக்குப் பின்னால் போட்டிருந்தான். பார்த்தும் பேசாமல் இருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதை அடித்துவிட்டு, கொம்பு முன்னால் வரும்படி பக்கத்தில் புதிதாக எழுதியிருக்கிறான். இன்னும் ஏழெட்டுப் பெட்டிகளுக்குப் பெயர் எழுத வேண்டியிருக்கிறது.