பச்சை ஒளி வீண் அல்ல

பச்சை ஒளியை இலை அப்படியே திருப்பி அனுப்பிவிடும், அதனால் ஒளிச்சேர்க்கைக்கு அது வீண் என்று ஒரு கட்டுரை சொல்வது சரியல்ல. இலையிலிருந்து கரைத்தெடுத்த பச்சையம்-ஏ (ஒளியைப் பிடிக்கும் முக்கிய நிறமி) தான் 430, 662 நானோமீட்டர் அருகே, அதாவது நீலத்திலும் சிவப்பிலும், அதிகம் உறிஞ்சும். முழு இலையோ பச்சையிலும் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. சிவப்பும் நீலமும் மேலடுக்கிலேயே தீர்ந்துவிடுவதால், அடியிலுள்ள செல்களுக்கு அதிகம் போய்ச் சேர்வது பச்சைதான்.

எந்த நிற ஒளியில் ஒளிச்சேர்க்கை அதிகம் என்று காட்ட, ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்தைச் சுற்றிக் கலர் செலோபேன் தாள் வைத்து, அது விடும் ஆக்சிஜன் குமிழிகளை எண்ணும் ஆசிரியர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு தாளும் உள்ளே விடும் ஒளியின் அளவே வேறு. விளக்கின் தூரத்தை மாற்றி, பார் (PAR) மீட்டரில், அதாவது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவியில், எல்லாத் தாளுக்கும் ஒரே அளவு வரும்படி வையுங்கள். லக்ஸ் மீட்டர் உதவாது. மனிதக் கண்ணுக்கேற்ப அது பச்சையைக் கூட்டிக் காட்டும். நீரில் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போட்டு, தாள் மாற்றியதும் 5 நிமிடம் விட்டு எண்ணுங்கள்.