ஆலிஸ் கதையின் தூங்குமூஞ்சி எந்த டார்மவுஸ்?

லூயிஸ் கரோல் எழுதிய ஆலிஸ் கதையின் தேநீர் விருந்தில் தூங்கி வழியும் டார்மவுஸ் (எலி போன்ற சிறு கொறிவிலங்கு), ரோமானியர்கள் கொழுக்க வைத்துச் சாப்பிட்ட அதே விலங்கு என்று ஒரு பதிவில் இருக்கிறது. படமும் போட்டிருக்கிறார்கள். அது சரியில்லை.

படத்தில் இருப்பது சாம்பல் நிறக் கொழுத்த டார்மவுஸ், அறிவியல் பெயர் கிளிஸ் கிளிஸ். ரோமானியர் தின்றது அதைத்தான், அந்த வரலாறு உண்மை. ஆனால் இங்கிலாந்தில் அது காட்டுக்குள் பரவியது 1902-க்குப் பிறகு. வால்டர் ராத்ஸ்சைல்ட் என்ற விலங்கியலாளர் ட்ரிங் என்ற ஊருக்குக் கொண்டுவந்தவற்றில் சில தப்பிப் போய்ப் பெருகின. லூயிஸ் கரோலின் புத்தகம் வந்ததோ 1865-இல்!

அவர் காலத்து ஆங்கிலக் குழந்தைகளுக்குத் தெரிந்த டார்மவுஸ், அந்நாட்டுக்கே உரிய ஹேசல் டார்மவுஸ். பொன்னிற ரோமம், அடர்ந்த மயிருள்ள வால், சாதாரணமாக இருபது கிராம் அளவு எடை. வீட்டில் ஆசையாக வளர்த்தும் இருக்கிறார்கள். கரோல் மனதில் இருந்தது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம், "குளிர்கால உறக்கத்தில் இருப்பதால் தூங்குகிறது" என்ற விளக்கமும் பொருந்தாது. கதை நடப்பது மே மாதம். ஹேசல் டார்மவுஸ் அதற்குள் விழித்திருக்கும். ஆனால் அது இரவில் நடமாடும் பிராணி, பகலில் தூங்குவதுதான் இயல்பு. வசந்தத்தில் குளிரும் மழையுமாக இருந்தால் உடல் வெப்பத்தைக் குறைத்துக்கொண்டு மரத்துப்போனது போலவும் கிடக்கும். இந்தச் சின்ன உயிர் இப்போது பிரிட்டனில் பல இடங்களில் அற்றுப்போய்விட்டது. தயவுசெய்து படத்தையாவது மாற்றிப் போடுங்கள்.